பொனற்றில் விழுந்த வெள்ளை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
ஒக்ரோபர் கடைசிக் கிழமை

என் அன்பு மகள் ஜூலிக்கு,

மாதாவின் துணையால் அப்பாவும் நானும் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறோம். மெல்பேணில் நீயும் மருமகன் அன்ட்ரூவும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் உங்கள் பெயர் சொல்லிக் கேட்கிறேன். கிழமைக்குக் கிழமை போனில் முகம் பார்த்துத்தானே கதைக்கிறோம், பிறகேன் அம்மா பேனை பிடிக்கிறா என்று நீ யோசிப்பாய். போனில் கதைக்கும்போது அப்பா என் தோளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் எதைச் சொல்வது. குளியலறைக்குள் போனைக் கொண்டுபோனாலும் கதவில் தட்டி, “கிளடிஸ், ஆரோடை கதைக்கிறீர்?” என்று கேட்கிறார். உன் முகம் தெரிந்தவுடன் நிமிர்ந்து இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாங்கள் நல்லா இருக்கிறம் பிள்ளை, உங்கை குளிரே?” என்பார். நீயும் அப்பா பரவாயில்லைப் போல என்று சொல்லிவிட்டு வைப்பாய். போன கிழமை நீ வைத்த பிறகு அவர் என்னைப் பார்த்து, “அது ஆர் பிள்ளை, நல்ல மரியாதையாய்க் கதைக்குது” என்று கேட்டார். இதை உன்னிடம் எந்தக் குரலில் சொல்வதென்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, முழங்கால் நோ வழக்கம் போலத்தான், மாடிப்படி ஏறும்போது மட்டும் குத்துகிறது. பக்கத்து வீட்டுச் சந்திரவதனா கடைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்டுச் சாமான் வாங்கி வருகிறாள், அவள் இல்லாவிட்டால் இந்த வருடம் எப்படிப் போயிருக்குமோ தெரியாது. பெரியப்பாவின் மகன் மரியோ பிக்கரிங்கில் புது வீட்டுக்குப் போய்விட்டான், பால் காய்ச்சக் கூப்பிட்டான், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருந்ததால் நாங்கள் போகவில்லை. அவன் கோபிக்கவில்லை, அடுத்த நாள் பலகாரத்தோடு இங்கே வந்துவிட்டான்.

டொக்டர் அப்பாவின் மறதி வருத்தத்தின் பெயரைச் சொன்னதும் லைசன்ஸை எடுத்ததும் உனக்குத் தெரிந்ததுதான். ஓடத்தான் கூடாது, துடைக்கலாம்தானே என்று கறுப்புக் காரை வீட்டிலேயே வைத்திருந்தோம். அப்பா எயாபோட் லிமோசின் ஓடிய காலத்தில் ஒரு கை அடையாளம் தெரிந்தாலும் ஆளை ஏற்றமாட்டார், அது உனக்குத் தெரியும். ஓய்வெடுத்த பிறகும் பனி உருக வீதிக்கு உப்புப் போடுகிற காலம் முடிந்ததும் ஒருமுறை, அடுத்த ஸ்னோ கொட்ட முதல் ஒருமுறை அந்தப் பொலிஷ் மெஷினைத் தூக்கிவிடுவார். இந்த வருடம் ஏப்ரலில் அவர் அதைச் செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் தங்கைச்சியின் பெயரை மறந்த மனிதருக்கு அதில் ஒன்றும் மறக்கவில்லை. காரைக் கழுவித் துடைத்து, வெயில் படாத கராஜ் நிழலில் விட்டு, இரும்பு ஆறும்வரை காத்திருந்தார். றப்பர் ஓரங்களுக்கும் கதவு விளிம்புகளுக்கும் நீல ஒட்டுநாடா ஒட்டினார். மெஷினின் ஸ்பொஞ்சில் கொஞ்சம் பொலிஷ் மருந்து வைத்து, மெஷினைப் போடாமலே பெயின்றில் ஒற்றிப் பரப்பி, பிறகு மெதுவான வேகத்தில் தொடங்கினார். வயர் காரில் உரசக்கூடாதென்று அதைத் தோளுக்கு மேலால் எறிந்துகொண்டார். அமத்தாமல், மெஷினின் பாரத்திலேயே அதை நடத்தி, போன கோட்டின் மேல் பாதியை மூடிக்கொண்டு அடுத்த கோடு. நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது திரும்பிப் பாராமலே, “இதை ஓரிடத்திலை நிப்பாட்டப்படாது கிளடிஸ், நிண்டால் பெயின்றை எரிச்சுப்போடும்” என்றார். துணியால் துடைத்த பிறகு எஞ்சினை மூடுகிற பொனற்றில் மேப்பிள் மரம் கொப்போடு தெரிந்தது. அன்று முழுக்க அவர் பழைய நீக்கிலாஸாகவே இருந்தார். எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது ஜூலி, தலை மறந்தாலும் கை மறக்காது என்று நினைத்தேன்.

செப்ரெம்பரில் ஒரு நாள் பகல், இலை விழத் தொடங்கிய நேரம், அவர் மறுபடி மெஷினை எடுத்தார். நான் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், கை போகப் போக ஏறும், இறங்கும். அன்று அது ஒரே மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தது. கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன், பிறகு ஒரு கருகல் மணம் வந்தது, ஓடினேன். அப்பா இரண்டு கையாலும் மெஷினைப் பொனற்றில் பிடித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வீதியில் ஒன்றுமில்லை. “இஞ்சாருங்கோ” என்று கத்தினேன், கேட்கவில்லை. சுவரிலிருந்து வயரை இழுத்தேன். மெஷின் நின்றதும்தான் திரும்பினார். கையை எடுத்தபோது கறுப்பு போய், ஓரம் சாம்பலாக, நடுவில் அடிப்பூச்சின் வெள்ளை தெரிந்தது, ஒரு கை அகலம் இருக்கும். அவர் குனிந்து அதைத் தொட்டுவிட்டு, சுட்டதால் விரலை இழுத்துக்கொண்டார். “ஆர் இதைச் செய்தது?” என்று கேட்டார். “கிளடிஸ், நீர் ஆரையும் காரைத் தொட விட்டனீரோ? இது வேலை தெரியாதவன்ரை கை” என்றார். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. ஓம், ஆரோ தெரியாத ஆள் செய்துபோட்டுது, நீங்கள் உள்ளுக்கை வாங்கோ என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். சோபாவில் இருந்துகொண்டு, விளையாட்டுச் சாமான் உடைந்த சின்னப்பிள்ளை போல அழுதார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில், உன் தம்பி பிறந்து இறந்த அன்று மட்டும்தான் அவர் அப்படி அழக் கண்டேன்.

மெஷினைச் சந்திரவதனா தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதோடு முடியுமென்று நினைத்தோம். அடுத்த நாள் காலை அவர் கராஜுக்குள் போய், அந்த வெள்ளையை முதல்முறை காண்பது போலக் கண்டு, “உப்புப் படிஞ்சு கிடக்கு” என்றார். அன்றிலிருந்து அது அவருக்கு உப்புத்தான். துணியால் துடைத்தார், போகவில்லை. சோப்புத் தண்ணி ஊற்றித் தேய்த்தார், போகவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினேன், இழுத்து எறிந்துவிட்டார். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்து பார்க்க ஆளைக் காணவில்லை. சட்டி மினுக்குகிற கம்பித் தும்பை எடுத்துப்போய்த் தேய்த்துக்கொண்டிருந்தார். பொனற் முழுக்கக் கீறல், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, கறுப்பில் இரத்தம் இழுபட்டிருந்தது. கையைப் பிடித்தேன். “விடும், இந்த உப்போடை எயாபோட்டிலை போய் நிக்கேலுமே? சனம் என்ன சொல்லும்” என்று என்னைத் தள்ளினார். நோகத் தள்ளவில்லை பிள்ளை, ஆனால் என்னை ஆரென்று தெரிந்த தள்ளு இல்லை அது. அவருக்குப் பக்கத்தில் கராஜ் நிலத்திலேயே இருந்துவிட்டேன். சந்திரவதனா வந்துதான் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய் அவருக்கு மருந்து கட்டினாள்.

மரியோவைக் கூப்பிட்டேன். அவன் முதலில் புதுப் பெயின்ற் அடிப்போம் சின்னம்மா என்றான். அடித்தால் மட்டும் என்ன, அந்தக் கை மறுபடி அங்கேதான் போகும், மருந்து கட்டின விரலோடேயே போகிறது என்றேன். காரைக் கொண்டுபோ, இனி அவர் கண்ணில் அது படக்கூடாது என்று சொன்னேன். சனிக்கிழமை வந்தான். நான் யன்னலுக்குள் நின்றுகொண்டேன், வெளியே வரத் துணிவில்லை. அவன், “சித்தப்பா, எயாபோட்டுக்கு ஒரு ட்ரிப் வந்திருக்கு, கார்த் திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்” என்றான். அப்பா சாவிவளையத்தோடு திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆரை ஏத்தப் போறாய்?” என்று கேட்டார். மரியோ அதை எதிர்பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு, “ஜூலி அக்காவை” என்று சொல்லிவிட்டான். அப்பாவின் முகம் மலர்ந்தது. திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்து, “மெல்லமாய் ஓடு, அவளுக்குத் தலை சுத்தும், யன்னலைக் கொஞ்சம் திறந்து விடு” என்றார். கார் வளைவில் திரும்பும்வரை வாசல் ட்ரைவ்வேயில் நின்று பார்த்தார். மரியோ இரண்டு வீதி தள்ளிக் காரை நிற்பாட்டிவிட்டு எனக்குப் போன் எடுத்தான், விம்மல்தான் கேட்டது. அவனில் பிழையில்லை. வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அப்பா அந்தத் திறப்பைக் கொடுத்திருக்கமாட்டார்.

அன்றிலிருந்து காலையில் எழும்பினால் முகம் வழித்து, லிமோசின் ஓடின காலத்து வெள்ளைச் சேட்டும் கழுத்தில் ரையும் சப்பாத்துமாக முன் யன்னலில் இருக்கிறார். கார் எங்கே என்று கேட்பதில்லை, உப்பைப் பற்றியும் பேச்சில்லை, விரல்களும் ஆறிவிட்டன. “பிளைற் பிந்திப்போச்சோ?” என்று மட்டும் கேட்பார். ஓம், பிந்தீற்றுது என்பேன். “பிந்தினாலும் வரும்” என்று எனக்கு ஆறுதல் சொல்வார். ஆளைக் காத்திருந்து பழகினவர்தானே, அவருக்கு அலுப்பே இல்லை. கடவுளே, இப்படியாவது அமைதியாக இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டிருந்தேன். ஆனால் இந்த ஞாயிறு பூசையால் வந்து யன்னலில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்து, “நான் ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறன்?” என்று கேட்டார். ஜூலியை என்றேன். “ஜூலி ஆர்?” எங்கடை மகள் என்றேன். கழுத்து ரையை நேராக்கினார். “அப்ப கட்டாயம் பாத்துக்கொண்டு இருக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி வீதியைப் பார்த்தார்.

பிள்ளை, சின்னவனுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் வருகிற யூலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். இதுவரை நான் உன்னை வா என்று நெருக்கினதில்லை, உனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, அங்கிருந்து இங்கே வருவது அடுத்த ஊருக்கு வருவதில்லை. இந்த முறை கேட்கிறேன். யூலைவரை வைக்காதே. தனியே என்றாலும் டிசெம்பர் நத்தாருக்கு முதல் வா. உன்னைக் கண்டவுடன் அடையாளம் கண்டு கட்டிப்பிடிப்பார் என்று நான் வாக்குத் தரமாட்டேன். அப்படி நினைத்துக்கொண்டு வந்து நீ நொந்துபோகக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினேன். ஆனால் காத்திருக்க வேணும் என்ற நினைப்பு அவரிடம் இன்னும் இருக்கிறது, ஆருக்காக என்பதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அது முழுக்கப் போக முதல் அந்தக் கதவால் நீ உள்ளே வர வேண்டும். எனக்காகவும் வா. ஒவ்வொரு நாளும் பிளைற் பிந்திவிட்டது என்று சொல்லிச் சொல்லி என் வாய் களைத்துவிட்டது.

மரியோ தன்னுடைய வான் வண்டியில் வந்து உன்னை ஏற்றுவான், கறுப்புக் காரைக் கொண்டுவர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கனத்த ஜக்கெற் கொண்டு வா, இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மருமகனுக்கும் சின்னவனுக்கும் என் அன்பு முத்தங்கள். ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருந்து, உன் வீட்டை எந்தத் தீங்கும் அணுகாமல் காப்பாராக, நானும் அப்பாவும் உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறோம்.

ஒன்றை மறக்காதே. பெரிய பெட்டிகளை மரியோவிடம் விட்டுவிட்டு, கையில் பாரமில்லாத ஒரு சின்னப் பெட்டியோடு வாசலுக்கு வா. உன்னைத் தெரியாவிட்டாலும் அப்பா எயாபோட் பழக்கத்தில் எழும்பி வந்து, “வாங்கோ, தாங்கோ” என்று அதை வாங்கக் கை நீட்டுவார். அழாதே, நான் தூக்கிறன் அப்பா என்று சொல்லாதே. கொடுத்துவிடு.

உன் அம்மா,
கிளடிஸ்