நோட்டீஸில் அடித்த ஒரு வார்த்தை

அயனம்பாக்கம்
ஞாயிறு மதியம்

என் தங்கம் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடு இரண்டும் புதுக் கன்றும் இங்கே சுகமாக இருக்கிறோம், டப்ளினில் நீயும் சளி இருமல் என்று எதுவும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போன் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்பார், இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. பத்தாவதோடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தன் மாத்திரையை மறந்துவிடுகிறார், மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்க மட்டும் ஒருநாளும் மறப்பதில்லை.

நோட்டீஸ் வந்த கதையை உனக்குப் பாதிதான் சொன்னேன். போன மாதம் நாம் பால் ஊற்றுகிற இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, யாரோ பாலில் கலப்படம் என்று புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள், உணவுப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து வந்து பாலை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கறந்த பாலை அப்படியே வெளியே அனுப்பினால், யாரோ அதை அடுப்பில் பொங்கவிடும்போது மாட்டுக்கு மடி காய்ந்துபோகும் என்று, கேன் வாசல்படி தாண்டுவதற்கு முன்னால் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் தெளித்துவிடுவோம். நான் வாழ வந்த நாளிலிருந்து அதைச் செய்கிறேன். அந்தத் தண்ணீர் நம் போர்வெல் தண்ணீர். பக்கத்துக் காலி மனையில் எழும்பின அடுக்குமாடிக்காரர்களின் கழிவுத்தொட்டி கசிந்து நம் போரில் இறங்கியிருக்கிறது. நாம் குடிப்பது கடையில் வாங்குகிற கேன் தண்ணீர், அதனால் நமக்குத் தெரியவே இல்லை. நாம் வாயில் வைக்காத தண்ணீரை ஊர்ப் பிள்ளைகள் பாலில் தெளித்திருக்கிறேன் பார்.

எட்டாம் நாள் அந்த ஆபீசிலிருந்து ரேகா மேடம் என்ற அதிகாரி நோட்டீஸோடு வந்தார், உன் வயதுதான் இருக்கும். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி அடல்டரேட்டட் என்ற வரைக்கும் படித்துவிட்டுத்தான் உனக்குப் போட்டோ அனுப்பினேன். அதற்குள் ஐந்து வீட்டில் நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிற துலுக்கானம் வந்து, "இன்னாம்மா, ஊட்டாண்ட ஆபீசருங்க வந்துகினு போறாங்க, நீ தண்ணி ஊத்துறேன்னு தெருவெல்லாம் பேச்சா கீதே" என்றார். இருபத்திரண்டு வீட்டில் வசந்தா பால் என்றால் ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேர் இந்த ஒரு தாளில் போகப்போகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ அன்றைக்கு வேலைக்கு நடுவில் கூப்பிட்டுச் சொன்னாயே, அதைத்தான் இன்னமும் நினைத்து நினைத்து மலைத்துப்போகிறேன். ஏமாற்றுவதற்காக மட்டமானதைக் கலந்தால்தான் அடல்டரேட், தெரியாமல் கிருமியோ அழுக்கோ சேர்ந்துவிட்டால் கன்டாமினேட், பாடி மேம்பாலத்தில் லாரி விடுகிற புகை காற்றுக்குச் செய்வது பொல்யூட், கோயில் போல இருக்கிற இடத்தைக் கெடுத்தால் டிஃபைல், கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு முழுசையும் கெடுப்பது டெய்ண்ட் என்றாய். நீ வேலையில் சரிபார்க்கிற, மருந்து டப்பாவுக்குள் வைக்கிற தாளில் இதில் ஒன்று மாறினால் கம்பெனியையே மூடவேண்டி வரும் என்றாய். கெட்டுப்போச்சு என்று நாம் ஒரே வாயில் சொல்லிவிட்டுப் போவதற்குள் இத்தனை அறை கட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு மாட்டைக் கழுவும்போது யோசித்தால் நம்மிடமும் இருக்கிறது. ஏரிக்கு மாசு, பாலுக்குக் கலப்படம், சாமி அறைக்குத் தீட்டு, பேருக்குக் களங்கம், வாய் வைத்த டம்ளருக்கு எச்சில். எச்சிலுக்கு அவர்களிடம் சரியாக ஒன்றும் இல்லை என்று நீ சிரித்தாயே, எனக்கு அதில் ஒரு சின்ன கர்வம். இத்தனை வருஷமாக இந்த வார்த்தைகளையெல்லாம் பேசியிருக்கிறேன், ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நீ சொல்லிக் கொடுத்ததை மனசில் வைத்துக்கொண்டு ரேகா மேடத்திடம் உள்ளங்கைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் விடியற்காலை அவரே வந்து நான் கறப்பதிலிருந்து கேன் மூடுவது வரை கூடவே நின்று பார்த்தார். பாலில் கொழுப்பு சரியாக இருக்கிறது, கிருமிதான் இருக்கிறது, புகாரில் கலப்படம் என்று இருந்ததால் நோட்டீஸிலும் அப்படியே வந்துவிட்டது என்றார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது தெரு ரேவதி, ஆவடி பாக்டரியில் வேலை பார்க்கிற சிவராமன் பெண்டாட்டி, தானாக வந்து நின்றாள். இந்தம்மா பாலைக் குடித்துத்தான் என் இளங்கோ வளர்ந்தான், இவங்க பாலில் ஒரு சொட்டு ஏமாத்து இருக்காது, எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன் என்றாள். ரேகா மேடம் பேனாவை எடுத்து அந்த வார்த்தையின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மேலே கன்டாமினேட்டட் என்று எழுதிவிட்டு, "நீங்க கலக்கலம்மா, அதுவா கலந்திருக்கு" என்றார். ஒரே கோடு, என் பேர் திரும்பி வந்துவிட்டது. அப்பா எல்லாருக்கும் காபி போடச் சொன்னார். நான் டிகாக்ஷனை விட்டுவிட்டு வெறும் பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். ஏழு வருஷத்துக்கு முன் அப்பா வண்டியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு மாடு பால் வற்றிவிட்டது, இன்னொன்று பாதிதான் கறந்தது. வீடுகளை விட்டால் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று, ஒன்றரை மாதம், நான்கு படிக்கு ஒரு படி தண்ணீர் சேர்த்து ஊற்றினேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அப்போது ரேவதி பிள்ளைக்கு ஒரு வயசு, நம் பால்தான். அது தெரியாமல் சேர்ந்தது இல்லை, வழக்கமும் இல்லை, நீ சொன்ன முதல் வார்த்தைதான், அச்சடித்தாற்போல அதேதான். ரேகா மேடம் அதன் மேல் கோடு இழுத்தது என் எதிரில்தான், எனக்காகச் சாட்சி நின்றவள் ரேவதி. நோட்டீஸில் அது போய்விட்டது, எனக்குள் போகவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. முந்தாநாள் காலையில் ரேவதி வீட்டு வாசலில் கேனை இறக்கிவைத்துவிட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். இனிமேல் பால் வேண்டாம் என்று சொன்னாலும் சரி, தெருவில் சொன்னாலும் சரி என்றும் சொன்னேன். பாத்திரத்தோடு வந்து நின்றவளுக்கு முகம் சிவந்துபோனது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தத் தண்ணி காய்ச்சினதா?"

காய்ச்சினதுதான், லாவண்யா. ராத்திரியே காய்ச்சி ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன், அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று. அவள் கேட்கிற வரைக்கும் அது எனக்கே ஞாபகம் இல்லை. ஆமாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாத்திரத்தை மட்டும் நீட்டினாள். ஊற்றும்போது பாதி வெளியே சிந்தியது, குனிந்து அவளே துடைத்தாள். நேற்றும் இன்றும் வாங்கிக்கொண்டாள், இன்னும் பேசவில்லை. ஏமாற்றின அதே கைதான் உட்கார்ந்து காய்ச்சியும் இருக்கிறது. இதை எந்த வார்த்தையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லையடி, நினைத்தால் என்னைக் கண்டே எனக்குப் பிரமிப்பாகவும் பயமாகவும் இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைத்தாலும் மறைக்காமல் எழுது, கோபமாக இருந்தாலும் சரி.

போர்வெல்லை மூடிவிட்டோம், உள்ளங்கைத் தண்ணீர் இப்போது கேன் தண்ணீர். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்கிறாய், குடி, ஆனால் குளிர் நாளில் சுடவைத்துக் குடி. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே. வேலையில் யார் அவசரப்படுத்தினாலும் அந்த மருந்துத் தாளில் ஒரு வார்த்தையைக்கூட மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடாதே, அதைப் படிக்கிற வீட்டில் ஒரு ரேவதி இருப்பாள். பதில் எழுதினால் கவரின் மேல் என் பேர் போடு, இல்லாவிட்டால் அப்பா பிரித்துவிடுவார். அவருக்கும் நானேதான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். மகமாயி உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா
வசந்தா ஹேமநாதன்