கையெழுத்துக்காக விட்டிருந்த இடம்

ஊருக்கெல்லாம் செல்வி சிஸ்டராக இருந்து, எனக்கு மட்டும் அம்மாவாக இருந்தவளுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. மைசூர் மண்டி மொஹல்லாவில் நம் மாடிவீடு அப்படியேதான் இருக்கிறது. கீழே வெங்காயக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். வீட்டுக்குள் வெங்காய நாற்றம் இல்லை. அது இல்லாமல் எனக்கு என்னவோ போலிருக்கிறது என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஸ்கூட்டர் நிறுத்த மட்டும் இன்னமும் இடம் கிடைப்பதில்லை.

நான் அதே பள்ளியில் அதே ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவரின் தொனி என்ன, எதற்காக எழுதினார் என்று கேட்டு, கீழே நான்கு விடைகள் கொடுப்போமே, அந்தப் பாடம். உணர்ச்சியைச் சொல்லும் வார்த்தைகளைத் தேடுங்கள், தொனி அங்கேதான் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள், வீட்டில் பிரிட்ஜ் மேல் கிடந்த ஒரு நோட்டைத் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா போன பிறகு நாம் இரண்டே பேர். உனக்கு ஆஸ்பத்திரி வார்டில் மாறி மாறி டியூட்டி. நான் பள்ளியிலிருந்து வரும்போது நீ கிளம்பியிருப்பாய், நீ வரும்போது நான் தூங்கியிருப்பேன். அதனால் அந்த நீள நோட்டில்தான் நாம் பேசிக்கொண்டோம். பேச்சா அது? மற்ற அம்மாக்கள் ‘கண்ணு’ என்று எழுதுவார்கள், ‘தங்கம்’ என்று எழுதுவார்கள். நீ எழுதியது இப்படி இருக்கும்:

“காலையில் இரண்டு தடவை இருமல். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைக்கப்பட்டது. டிபன் டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வந்தது. கத்தரிக்காய் ஒதுக்கப்பட்டது.”

இடது ஓரத்தில் உன் கையெழுத்து, பக்கத்தில் மணி. வலது ஓரம் எப்போதும் காலி. ரோஸி என்ற பெயரைக்கூட எழுத மாட்டாய். நான் ஒரு கட்டில் நம்பரா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தோற்றது ஞாபகமிருக்கிறதா? விடைத்தாளை ஒளித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் நோட்டில், “கணக்குத் தாள் தலையணைக்கு அடியில். கன்னத்தில் உப்புத் தடம். எழுப்பவில்லை.” திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திருடியைப் பிடித்த போலீஸ்காரர் எழுதி வைத்தது போல இருந்தது. அதற்குக் கீழே பெரிதாக, பேனா பேப்பரைக் கிழிக்கிற மாதிரி எழுதினேன்: “நான் உன் பேஷண்ட் இல்லை.”

நீ அதற்குப் பதில் எழுதவில்லை. அந்த வரிக்கு நேராக, எப்போதும் காலியாக இருக்கும் வலது ஓரத்தில், உன் கையெழுத்தையும் மணியையும் மட்டும் போட்டிருந்தாய். அவ்வளவுதானா என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்னிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடுதான் வளர்ந்தேன், வேலைக்குப் போனேன், உன்னோடு ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தேன்.

கடைசியில் நீ வேலை பார்த்த வார்டிலேயே உன்னைப் படுக்க வைத்தோம். பள்ளி முடிந்ததும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். வீட்டு நோட்டைக் கொண்டு வா என்று கேட்டாய், கொண்டு வந்தேன். நீ போன பிறகு அதைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கை நடுங்கி எழுதியிருந்தாலும் நடை மட்டும் மாறவில்லை.

“ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் திருத்தல். மூன்று நாளாக அதே புடவை. மதியம் சாப்பிட்டதாகச் சொன்னது பொய். பாத்ரூம் போய்த் திரும்ப இருபது நிமிடம், கண் சிவப்பு. இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. தனியாக விட வேண்டாம்.”

இடது பக்கம் கையெழுத்து, மணி. வலது பக்கம் ஒரு சின்னக் கோடு. பேனா நழுவியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அதைப் படித்து நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சாகும்போதுகூட என்னிடம் குறை பிடித்துக்கொண்டுதான் இருந்தாயா? புடவை மாற்றவில்லை, பொய் சொன்னாள், இதுதானா எனக்கு விட்டுப்போக உனக்குக் கிடைத்தது? ஒரு வருடம் இந்த ஒரு கேள்வியோடுதான் சாப்பிட்டேன், படுத்தேன். உன் கல்லறைக்குப் பூ கொண்டு போகும்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். என் அம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் உன் வருட ஜெபத்துக்கு வீட்டில் முப்பது பேர். உன்னிடம் டியூட்டி பழகிய லீமாவும் வந்திருந்தாள், அந்த ஹனூர் பக்கத்துப் பெண். நர்ஸ்களுக்கு விருந்தாளியாக உட்காரத் தெரியாதே! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத் தயிரை வைக்க பிரிட்ஜுக்குப் போனவள் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, வார்டு ரிப்போர்ட் நோட்டு வீட்டுக்கு வந்துடுச்சா?”

“அது வீட்டு நோட்டுடி. எனக்கு எழுதினது.”

“வீட்டு நோட்டா? டியூட்டி மாத்தறப்போ அடுத்த சிஸ்டருக்கு எழுதி வெப்பமே, அதே மாதிரி இருக்கு அல்வா?” என்று, ‘இல்லையா’ என்பதை மைசூர்க் கன்னடத்தில் இழுத்தபடி பக்கத்தைப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

“இதப் பாருங்க்கா. ‘ஆறு பத்துக்குப் புரண்டு படுத்தல். ஆறு நாப்பதுக்கு மறுபடி.’ ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து அரை மணி நேரம் உங்க பக்கத்துலயே நின்னிருக்காங்க.”

 அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! வேவு பார்க்கிறாள் என்றுதான் படித்தேன். நின்றாள் என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

“அப்படின்னா ஒரு வார்த்தை பாசமா எழுதியிருக்கலாமே,” என்றேன். வீம்புக்குத்தான்.

“எங்களுக்கு மொதப் பாடமே அதானுங்க்கா. மனசுல நெனச்சத எழுதக் கூடாது, கண்ணால பாத்தத எழுதணும். நான் ஒருக்கா ‘பேஷண்ட் வருத்தமா இருக்கார்’னு எழுதிட்டேன். செல்வி சிஸ்டர் பேனாவால கோடு போட்டுட்டாங்க. வருத்தம்னு உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன பாத்தே, அதச் சொல்லுன்னாங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாருன்னேன். அத எழுதுன்னாங்க. நல்லா இருக்கறவங்களுக்கு ஒரே வரிதானுங்க்கா. யார நெனச்சு மனசு கெடந்து அடிச்சுக்குதோ, அவங்களுக்குத்தான் இப்படிப் பக்கம் பக்கமா எழுதுவோம்.”

பிறகு நான் எழுதிய அந்தக் கிழிசல் வரிக்கு வந்தாள். ‘நான் உன் பேஷண்ட் இல்லை.’ படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வலது ஓரத்தில் இருந்த உன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இந்தப் பக்கம் யாரு கையெழுத்துப் போடுவாங்க தெரியுமாக்கா? அடுத்த டியூட்டிய எடுத்துக்கறவங்க. இங்க போட்டுட்டா, இனி இந்த உசுருக்கு நான் பொறுப்புன்னு அர்த்தம். நீங்க பேஷண்ட் இல்லேன்னு கத்தியிருக்கீங்க. சிஸ்டர் அதுக்கும் போட்டிருக்காங்க.”

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வலது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அந்தச் சின்னக் கோடு பேனா நழுவியது இல்லையாம். கையெழுத்துப் போட விட்டிருக்கும் இடமாம். “யாரும் போடலியேக்கா,” என்றாள். “ஒரு வருசமா காலியாவே கெடக்குது. நான் போடட்டுமா?”

கூடத்தில் முப்பது பேர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் லீமாவின் தோளில் சாய்ந்து, ஒரு வருடத்து அழுகையை அழுதேன். நான் போடுகிறேன், ஆனால் இன்றைக்கு முடியாது என்று மட்டும் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அடேயப்பா, என்ன எழுத்து அம்மா இது! நான் உணர்ச்சி வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன், இதில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த வரியை எழுத இவள் எங்கே நின்றிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு படித்தால், ஒவ்வொரு வரியும் மூச்சை நிறுத்துகிறது. ‘தூக்கத்தில் இடது கை தலைக்கு அடியில். எடுத்து வைக்கப்பட்டது.’ யார் எடுத்து வைத்தது? எட்டு மணி நேரம் அத்தனை பேரைத் தூக்கி, புரட்டி, துடைத்துவிட்டு வந்த கை. கன்னத்தில் இருந்தது உப்புத் தடம் என்று தெரிய வேண்டுமென்றால், விளக்கைப் போடாமல் எவ்வளவு கிட்டே குனிந்திருப்பாய்? எனக்கு நினைத்துப் பார்க்கவே பயமாகவும் பெருமையாகவும் இருக்கிறது. என்னை இவ்வளவு பார்த்த கண் ஒன்று இந்த உலகத்தில் இருந்திருக்கிறது, நான் அதன் பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இன்னொரு சேதி. போன வாரம் அந்தக் கடைசிப் பக்கத்தை, யார் எழுதியது என்று சொல்லாமல், ஆங்கிலத்தில் போர்டில் எழுதிப் போட்டேன். தொனி என்ன? குறை சொல்வது, கோபம், அலட்சியம், கிண்டல் என்று நான்கு விடை கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் குறை சொல்வது என்றார்கள். ஹாஸ்டல் வார்டன் எழுதியது மிஸ் என்றாள் ஒருத்தி, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சரியான விடையை நான் கொடுக்கவே இல்லையே! அதனால் யாருக்கும் தப்புப் போடவில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்க என்னாலும் முடியவில்லை. நோக்கம் மட்டும் எனக்குத் தெரியும். ஆறாவது வரியில் இருக்கிறது. அதற்காகத்தான் மேலே ஐந்து வரி எழுதியிருக்கிறாய். எழுந்து நிற்க முடியாத நிலையிலும் உனக்கு, எதிரே உட்கார்ந்திருந்த நான்தான் வார்டின் மோசமான கேஸ். டியூட்டி முடிகிறது, எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை. கோடு போட்டுக் காத்திருந்தாய், இல்லையா?

வரத் தாமதமாகிவிட்டது, அம்மா. திட்டாதே.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து, புடவை மாற்றி, மதியச் சோறு முழுவதும் சாப்பிட்டேன். பொய் இல்லை. லீமாவும் வந்து கூடவே சாப்பிட்டாள், இனி ஞாயிறு தோறும் வருவாளாம். கத்தரிக்காய் இன்னமும் ஒதுக்கத்தான் செய்கிறேன், அதில் முன்னேற்றம் எதுவும் இல்லை.

நோட்டு முன்னால் திறந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் அந்தப் பெண்ணைச் சாப்பிட வைப்பேன், அழுதால் கதவைத் தாழ் போட விட மாட்டேன், தனியாக விட மாட்டேன். நீ போய்ப் படு.

பகல் இரண்டு இருபது. ரிப்போர்ட் படித்தேன். எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் மகள் ரோஸி
(வலது ஓரத்தில், நீ போட்ட கோட்டின் மேலேயே)