முன் 18, பின் 22

மே 2, 1983. திங்கள்

காலை ஏழுக்கே வெயில். புதன்கிழமை கத்திரி தொடக்கமாம். மெஸ்ஸில் இட்லி. கல்.

வண்டியை எடுக்கும் முன் காற்று அளந்தேன். பின் சக்கரம் 36 பவுண்டு. தங்கராசு சனிக்கிழமை ஓட்டிவிட்டு வைத்தது. முப்பத்தாறு பவுண்டில் ஓட்டினால் குன்னம் தாண்டுவதற்குள் எனக்குக் குடல் இடம் மாறிவிடும். இறக்கினேன். முன் 18, பின் 22. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பது அதுதான். இந்தப் பெரம்பலூரில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நான்.

உரக் கம்பெனிக்கு இங்கே மோட்டார் சைக்கிள் ஒன்று, சுற்றுகிற ஆள் இரண்டு. திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி தங்கராசு. நான் 51 கிலோ. அவன் 94. கோடவுன் தராசில் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது நானே பார்த்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சீட் தையலில் காய்ந்த மல்லிகைப் பூ இரண்டு. சனிக்கிழமைதோறும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறான். ரெட்டிபாளையத்தில் மாமியார் படுத்த படுக்கை. கம்பெனி வண்டியில் வெளி ஆளை ஏற்றக் கூடாது என்பது ரூல். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர.

மே 4, புதன்

தா.பழூர் போய் வந்தேன். நாற்றங்கால் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏஜெண்ட் மோர் கொடுத்தான், புளித்த மோர்.

பின் சக்கரம் மறுபடி 36. மறுபடி இறக்கினேன். இது எத்தனையாவது தடவை?

காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து மேதைகள் சொல்லக் கேட்டது:
ஏஜெண்ட்: கோடையில் பாதிக் காற்றை இறக்கிவிடணும், இல்லாவிட்டால் வெடிக்கும்.
தங்.: கல்லு மாதிரி இருந்தாத்தான் பெட்ரோல் குடிக்காது.
டீக்கடையில் ஒருவர்: முன்னும் பின்னும் ஒரே அளவு, அப்போதுதான் வண்டி நேராகப் போகும்.
அரியலூர் ரோட்டுப் பஞ்சர் கடை பாய்: அளவே கிடையாது, கட்டை விரல்தான். பம்பில் கேஜ் வைத்திருக்கிறார், அழகுக்கு. விரலால் அழுத்துவார், யோசிப்பார், பிறகு ஒரு கேள்வி: "எத்தனை பேரு போறீங்க?" யார் வந்தாலும் இதே. காற்று பிடிக்க வந்தவனிடம் ஊர் வம்பு.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். இவர்களுக்கு நடுவில்.

சட்டைப் பொத்தான் தைக்க வேண்டும்.

மே 6, வெள்ளி

கோடவுனில் வெள்ளைப் பெயிண்ட் மிச்சம் கிடந்தது. பின் மட்கார்டில் எழுதினேன், இரண்டு அங்குல எழுத்தில்: முன் 18, பின் 22. கையெழுத்து நன்றாகவே வந்திருக்கிறது.

புத்தகத்தில் அதற்கு அடுத்த வரி: பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரம் 32. அதை எழுதவில்லை. ஏற்றவே கூடாத ஆளுக்கு எதற்கு அளவு?

மே 9, திங்கள்

திருச்சியிலிருந்து மேனேஜர். வருவார் என்று தெரிந்துதான் காலையில் சக்கரத்தைத் தொடாமல் விட்டு வைத்தேன். சனிக்கிழமை அவன் வைத்த 36 அப்படியே இருந்தது. மட்கார்டில் 22 என்று எழுதியிருக்க, சக்கரத்தில் 36. தங்கராசுவையும் வைத்துக்கொண்டே கேஜை வைத்துக் காட்டினேன். புத்தகத்தையும் காட்டினேன், வேண்டிய வரியில் விரலை வைத்து. மேனேஜருக்குக் காற்றும் தெரியாது, சக்கரமும் தெரியாது. எழுதியிருப்பதை இவன் மதிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. அது போதும்.

"இனிமே வண்டியில என்ன எழுதியிருக்கோ அதான்" என்றார் அவனிடம். கோடவுன் ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங். தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார், எனக்குத் தெரியாதுங்க" என்றான். காது சிவந்துவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னக் காது.

மதியம் சாம்பாரில் பருப்பு இருந்தது. நல்ல நாள்.

மே 11, புதன்

22. நேற்று அவன் ஓட்டியும் 22. ஜெயித்தேன்.

எறையூர் போனேன், கரும்புக்காரர்களைப் பார்க்க. வண்டி படகு மாதிரி போகிறது. வழியில் ரெட்டை ரெட்டையாய் ஏறிக்கொண்டு எவன் எவனோ போகிறான், எந்தச் சக்கரத்தில் என்ன காற்று இருக்கிறதோ. மூடர்கள்.

மே 13, வெள்ளி

22. ஒழுங்காக இருக்கிறது.

ஆனால் பின் சக்கரத்து வால்வு சாய்ந்திருக்கிறது. நேராக நிற்க வேண்டியது, ஒரு விரல் அளவு சாய்வு. டயர் ரிம்மில் வழுக்குகிறது என்று அர்த்தம். அவன் எடைக்கு 22 போதவில்லை. இப்படியே போனால் டயரோடு டியூபும் நகர்ந்து, வால்வு அடியோடு பிய்யும். தெரிந்த விஷயம்.

நாளை சனிக்கிழமை. சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சாவியை நான் கொடுத்தபோது அவன் எதிரில்தான் நின்றான். சொன்னால் என்ன அர்த்தம்? நான் எழுதியது தப்பு என்று அர்த்தம். உடம்பைக் குறைக்கட்டும். சொல்லவில்லை.

சலவைக்குப் போட்டது: சட்டை 4, வேட்டி 2.

மே 14, சனி

சாயந்தரம் வாட்ச்மேன் ஓடி வந்து சொன்னார். குன்னம் தாண்டி வளைவில், சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றுக்கு வழி விட ஒதுங்கியபோது பின் சக்கரம் ஆடி, வண்டி விழுந்துவிட்டது. லாரி இடிக்கவில்லை. தங்கராசுக்குச் சிராய்ப்பு. அவர் மனைவிக்கு வலது கால் முறிவு. அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

வண்டியை டெம்போவில் ஏற்றி வந்து கோடவுனில் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். வால்வு இல்லை. அடியோடு பிய்ந்திருக்கிறது.

சாப்பிடவில்லை.

மே 15, ஞாயிறு

பஸ்ஸில் அரியலூர். நிற்க இடமில்லை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயார் பண்ணினேன். ஒன்றும் உபயோகப்படவில்லை.

என்னைப் பார்த்ததும் தங்கராசு எழுந்து நின்றுவிட்டார். முழங்கையில் கட்டு. முதல் பேச்சே இது: "மன்னிச்சுக்கிடுங்க சார், வண்டிய கெடுத்துட்டேன். நீங்க எழுதுன மாதிரிதான் சார் வெச்சிருந்தேன். ஒரு பவுண்டு கூட ஏத்தல."

கட்டிலில் அந்த அம்மாள், தொடை வரை மாவுக்கட்டு. நான் சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "இவரு வேலைக்கு ஒண்ணும் வராதுல்லங்க?"

வராதும்மா என்றேன்.

நானாக ஒரு அளவை எழுதி வைத்துவிட்டு, அதை நம்புகிறவனை முட்டாள் என்று நினைத்திருந்தேன். அவர் நம்பியிருக்கிறார். இந்த ஊரில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள்.

மே 16, திங்கள்

மேனேஜர் காலையிலேயே வந்துவிட்டார். புத்தகம் என் பையில். 32 என்ற வரியைக் காட்டிவிடுவது என்றுதான் ஆபீசுக்குப் போனேன். வால்வு சாய்ந்திருந்ததையும் சொல்லிவிடுவது என்று.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "காத்து கரெக்டா இருந்துச்சா, அத மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு சார்" என்றேன்.

புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். 22 என்ற வரியைப் பார்த்தார், மூடினார். அடுத்த வரிக்குக் கண் போகவில்லை. ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரிந்த கழுதை. நான் விரலை அங்கே வைத்திருக்கலாம். அன்றைக்கு வைத்தேனே. இன்றைக்குக் கை சட்டைப் பைக்குள் இருந்தது.

காற்று சரி, ஆகவே தப்பு பின்னால் ஆளை ஏற்றியதில். தங்கராசுவை வேலையை விட்டு நிறுத்தி எழுதிவிட்டார். காற்று விவரத்துக்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து.

போகும்போது மேனேஜர் என் தோளில் தட்டினார். உங்கள மாதிரி ஆளுதான் வேணும் என்றார். குளித்தேன், இரண்டு தடவை.

மே 18, புதன்

வண்டி வந்துவிட்டது. ஹேண்டில் நிமிர்த்தியாயிற்று. பாய் கடையில் புது டியூப்.

பாய் குந்தி உட்கார்ந்து மட்கார்டில் என் எழுத்தைப் படித்தார். பிறகு பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார்: "விழுந்த அன்னிக்கி தங்கராசுகிட்ட நான் கேட்டேன் சார், எத்தனை பேருன்னு. மறைக்காம ரெண்டு பேருன்னாரு. ஏத்திக்கிங்கன்னேன். வேணாம் பாய், சார் படிச்சவரு, பாத்துதான் எழுதியிருப்பாருன்னுட்டாரு."

காற்று பிடித்தார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எத்தனை பேரு போறீங்க?"

ஒருத்தர்தான் என்றேன். எல்லா நாளும்.