மாறாத விடை

ஒத்தக்கடை விடுதி

பெருமதிப்பிற்குரிய அப்பாவுக்கு வணக்கம். வேலூர் வெயிலில் தங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா?

பேரையூர்ப் பெண்களின் மனநிறைவை அளக்கும் என் வினாநிரலுக்கு, முனீஸ்வரி என்பவர் இரண்டு முறை கேட்டபோதும் "நல்லாருக்கேன்" என்றே விடை தந்தார். விடை மாறாததால் வினாநிரல் நம்பகமான கருவி என்று என் ஆய்வு நெறியாளர் மகிழ்ந்தார். ஆனால், பேருந்து நிறுத்தம்வரை உடன்வந்த முனீஸ்வரி சிரித்தார்: "மாமியா பக்கத்துல நிக்கிறப்ப வேற என்னத்தச் சொல்லக்கா?"

என் கருவி அளந்தது மனநிறைவை அன்று, அச்சத்தை! கேள்வியை மாற்றித் தனியே கேட்க வேண்டும் என்றேன். "கேள்விய மாத்துனா மூணு வருச உழைப்பும் போச்சும்மா. பேசாம கையெழுத்தப் போடு" என்றார் நெறியாளர். மேடைகளில் முழங்கிய தங்கள் மகள் தலையாட்டிவிட்டு வந்தேன். திங்களன்று ஆய்வேட்டில் ஒப்பமிட வேண்டும்.

கவலை வேண்டா. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் அனுப்புங்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மடல்தோறும் "நலமா?" என்கிறீர்கள்; நானும் "நலம்" என்றே எழுதுகிறேன். அடுத்த மடலில் கேள்வியை மாற்றுங்கள், அப்பா.

தங்கள் மகள்,
தமிழ்க்கொடி