பூனை படுத்த சுவர்

மார்ச் 4
வாடகைக்கு விட வீடு வாங்கியாயிற்று. ஆயுள் சம்பாத்தியம் முழுக்க அதில்தான். என்னைக் கண்டதுமே விற்றவனுக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. வேறென்ன பார்க்கக் கிடக்கிறது? “வயரிங் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் என் வீட்டுக்காரி. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர ஆளா?

மார்ச் 11
தையல்காரப் பெண் குடிவந்துவிட்டாள். கணவன், கைக்குழந்தை, ஒரு சாம்பல் பூனை. மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகிறதாம். நானே போனேன். நூல் மாதிரி இருந்த கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, தடித்த கம்பியை மூன்றாக முறுக்கிக் கட்டினேன். “மாமா, நீங்க இன்ஜினியரா?” என்றாள். மறுப்பானேன்?

மார்ச் 19
அன்றிலிருந்து ஃபியூஸ் ஒருதரம்கூடப் போகவில்லை! தெருவே பேசுகிறது. நான் சொல்லித்தான் — இருந்தாலும் பேசுகிறது.

மார்ச் 25
பூனை கூடத்துச் சுவரில் ஒரே இடத்தில் முதுகை ஒட்டிப் படுக்கிறது. வாயில்லா ஜீவனுக்கும் என் வீட்டின் அருமை தெரிகிறதே.

ஏப்ரல் 2
என்னோடு குழந்தையைப் பார்க்க வந்த வீட்டுக்காரி, பூனையைத் தூக்கும்போது சுவரைத் தொட்டிருக்கிறாள். “ஏங்க, இங்க கைய வைங்க.” சுட்டது. “பூனை குளிர் காயுது. அடுப்பு மூட்டிக் குடுத்திருக்கீங்க!” ஓடிப்போய் மெயினை அணைத்தேன். வயரிங் ஆள் வந்து சுவரை உடைத்தார். உள்ளே வயரெல்லாம் உருகிக் கருகிக் கிடந்தது. “ஃபியூஸ்ல இந்தக் கம்பியப் போட்ட புண்ணியவான் யாரு? ஃபியூஸ் போயிருந்தா சுவரு பிழைச்சிருக்கும்.” வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்: “யாரோ தெரியாமப் போட்டிருக்காங்க. மாத்திடுங்க.”
அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தொட்டில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஐயோ... தூங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு. நல்லவேளை. நல்லவேளை.

ஏப்ரல் 3
கடவுளுக்கும் பூனைக்கும் பெண்டாட்டிக்கும் கோடி நன்றி. வரிசை முன்பின்னாக இருக்கலாம்.

ஏப்ரல் 20
வீடு முழுக்கப் புது வயரிங். சுத்தியல் எடுத்துக் கொடுத்தது நான். ஆகவே பாதி வேலை என்னுடையது. மச்சானிடம், “சுவரைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடிச்சேன்” என்றேன். வீட்டுக்காரி இருமினாள். “நானும் பூனையும்” என்று திருத்திக்கொண்டேன். மறுபடி இருமினாள். “உங்க தங்கச்சியும்” என்றேன். இருமல் நின்றது.

மே 6
அந்த வீட்டுக்குப் போனால் முதலில் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். ஜில்லென்று இருக்கிறது. இன்று பூனையும் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே வந்து என் மடியில் சுருண்டது. வேட்டியெல்லாம் முடி. எழுந்திருக்க மனமில்லை.