தமிழ் பேசினால் கெடும் சிறுநீரகம்

2025 பிப்ரவரி 4
தைப்பூசப் பந்தல் வேலை. தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஒரே நெரிசல். தாமதமாகத்தான் ஆய்வு மையம் வந்து சேர்ந்தேன். வராமலே இருந்திருக்கலாம்.

எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் கமாலுதீனின் சிறுநீரக ஆய்வு முடிவுகளை முழுதாகப் பார்த்தேன். நோயாளிகள் அத்தனை பேரும் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து டயாலிசிஸ் நிலையங்களிலிருந்து ஆய்வுக்குச் சேர்த்த தமிழர்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த நலமானவர்களோ ஜார்ஜ்டவுனில் ரத்ததானம் செய்தவர்கள் — பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர். தமிழரிடம் இயல்பாகவே அதிகம் இருக்கும் ஒரு மரபணு மாற்றம் நோயாளிகளிடம் அதிகமாம். ஆகவே அதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதாம்! இந்தக் கணக்கில், தமிழ் பேசினாலே சிறுநீரகம் கெடும் என்றுகூட நிரூபிக்கலாம்.

அவரிடமே சொன்னேன். "ரொம்பக் குடையாதம்மா ஷாஹிரா. கட்டுரை போகட்டும்லா" என்றார்.

பிப்ரவரி 5
கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 19
கட்டுரையை இன்னும் எந்த ஆய்விதழும் ஏற்கவே இல்லை. அதற்குள் செய்தித்தாளில் அவர் படம்: 'இந்தியர்களின் சிறுநீரக மரபணு'. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். தொடவில்லை.

மார்ச் 3
எங்கள் நர்ஸ் குணவதி அக்கா, டயாலிசிஸில் இருக்கும் தம்பி குணாளனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க இருந்தவர். எல்லாப் பரிசோதனையும் ஒத்து வந்திருந்தது. அந்த மரபணு மாற்றம் அவருக்கும் உண்டு என்று தெரிந்ததும், மாற்று அறுவைக்கான டாக்டர் பயந்து நிறுத்திவிட்டார்.

"எனக்கே நாளைக்கு கெட்டுப்போயிருமாம் ஷாஹிரா. இவனும் 'வேணாங்க்கா, எனக்காக நீ சாகாதே'ங்கிறான். என்ன செய்ய?"

நேராக கமாலுதீனிடம் போனேன். "முன்ஜாக்கிரதை நல்லதுதானே?" என்கிறார், பல்லைக் காட்டிக்கொண்டு. தூ! அந்த ஆளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்றான்.

மார்ச் 9
எப்படி மறுப்பது? பெற்றோர், பிள்ளை மூவரையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் நோயாளிகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இல்லை. உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களே! ஒரே தாய் தகப்பன், ஒரே பூர்வீகம். ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. மரபணுதான் குற்றவாளி என்றால் நோயுற்றவரிடம் அது அதிகம் இருந்தாக வேண்டும். மெதுவான வழி, ஆள் சேர்ப்பதும் கஷ்டம். ஆனால் இன வேறுபாடு குறுக்கே வந்து ஏமாற்றாது.

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். "நேரத்துக்குப் பிடிச்ச கேடு" என்றார் கமாலுதீன்.

ஏப்ரல் 27
அனுமதி கிடைத்ததிலிருந்து வார இறுதிகளில் ரத்த மாதிரிக்காக வீடு வீடாக அலைகிறோம், அக்காவும் நானும். இன்று பாலிக் புலாவ். ஒரு அம்மா கையை நீட்டவே மறுத்தார். "எங்க ரத்தமே கெட்ட ரத்தம்னு பேப்பர்ல போட்டுட்டீங்க. இன்னும் எதுக்கு எடுக்கிறீங்க?"

ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். நான் வேலை பார்க்கும் இடம் செய்த அசிங்கம் இது.

ஆகஸ்ட் 12
வித்தியாசம் இல்லை! நோயுற்றவர்களுக்கும் அவர்களுடைய நலமான உடன்பிறந்தவர்களுக்கும் அந்த மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. சின்னப் பாதிப்பு ஏதாவது எங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். அவர் பறைசாற்றிய அளவுக்கு? இல்லவே இல்லை.

எல்லாவற்றையும் மாற்று அறுவை டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். அக்காவிடம் சொன்னதும் தம்பிக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 30
கருத்தரங்கு. மேடையில் கமாலுதீன்: "எங்கள் முதல் முடிவை நாங்களே கேள்வி கேட்டோம்." நாங்களேயாம்! இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். "நம்ம வேலை நல்லா வந்திருக்குலா." சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆய்விதழுக்கு அனுப்பிய முதல் கட்டுரையை இன்னும் திரும்பப் பெறவில்லை.

நவம்பர் 21
டாக்டர் ஒப்புக்கொண்டு, அக்காவின் சிறுநீரகத்தைத் தம்பிக்கு வைத்து இன்று இரண்டாம் நாள். மத்தியானம் அக்கா வார்டிலிருந்து ஒரு படம் அனுப்பினார்: தம்பியின் கட்டிலில் தொங்கும் பை, முக்கால்வாசி சிறுநீர். கூடவே குரல் செய்தி: "பாரு ஷாஹிரா, தங்கம் மாதிரி! வருஷக்கணக்கா சொட்டுகூட வராத பய!"

நாசி கண்டார் சோற்றுக்கடையில் பாதிச் சாப்பாட்டில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.