உன் தட்டில் இல்லாத அகத்திக் கீரை

காஜா பேராங், மலாக்கா
28-9-1958

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் தம்பி ஜெயபாலனும் நானும் சுகம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய், எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன கடிதத்தின் உறை இரண்டு தரம் ஒட்டியது போல் இருந்தது. அது தபால்காரன் வேலையா உன் மாமியார் வேலையா தெரியவில்லை, அதனால்தான் இதை லோரி ஓட்டும் நடராஜனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சதுர்த்திக்கு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அப்பாவுக்கு இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு சீனி டின்னை ஒளித்து வைத்தேன், அப்படியும் குறைகிறது, கேட்டால் எறும்பு என்கிறார். மூடியைத் திறந்து மூடுகிற எறும்பை நான் எங்கும் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்துக்கு வந்தபோது அகத்தி விதை கொடுத்தேன். ஊறவைத்து ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்று, தண்ணீர் தேங்கவிடாதே, இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளு என்று சொன்னேன். நீயும் ஒரு வாரத்தில் முளைத்தது, நுனி கிள்ளினேன், நாலு பக்கமும் கிளை விட்டது, இப்போது கூரையைத் தொடுகிறது என்று ஒன்று விடாமல் எழுதினாய். அரிசி களைந்த தண்ணீரில் சின்ன வெங்காயம் போட்டு வேகவைத்து, இறக்கும்போது தேங்காய்ப் பால் ஊற்றினேன், கசப்பே தெரியவில்லை என்று மாமனார் சொன்னார் என்றாய். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக்கூடக் கொடுத்தாயாம். எல்லாம் எழுதினாய், நீ சாப்பிட்டேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஏழு கடிதத்தையும் எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்பு சட்டியை வழித்துச் சாப்பிட்ட பெண் நீ.

போன மாதம் சுங்கை பட்டாணிப் பக்கம் வந்த நடராஜனை உன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னதும் நான்தான். அவன் வந்து சொன்னான், "அக்கா, சட்டி நெறைய கீரை இருந்துச்சி, சந்திரா மட்டும் வெறும் ரசம் ஊத்தி சாப்ட்டுச்சி. ஏன்னு கேட்டேன், சந்திராவுக்கு ஆகாதுன்னு மாமியாருதான் பதில் சொன்னாங்க" என்று.

மருந்து சாப்பிடுகிறவர்கள் அகத்தியைத் தொடமாட்டார்கள், மருந்தை முறித்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். நீ மருந்து சாப்பிடுகிறாய். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் எழுதியிருப்பாய். கல்யாணமாகி நாலு வருடமான பெண் அம்மாவிடம் மறைக்கிற மருந்து எதற்கென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். யார் கொடுத்தது, வேரா பொடியா, எத்தனை மாதமாக? அகத்தி ஆயிரம் காய்த்தாலும் புறத்தி புறத்திதான் என்பார்கள். பிள்ளை இல்லாத குற்றத்தை வெளியிலிருந்து வந்தவள் தலையில் வைப்பது சுலபம். எனக்கு வயிறு எரிகிறது சந்திரா.

நடராஜனிடம் இன்னும் ஒன்று கேட்டேன். மாப்பிள்ளை கீரை சாப்பிட்டாரா என்று. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அப்படியென்றால் மருந்து உனக்கு மட்டும்தான். அவரை யாரும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. மாப்பிள்ளை கணேசமூர்த்தி நல்லவர்தான், ஆனால் நல்லவருக்கும் உடம்பு உண்டு.

இரண்டு பேரும் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவரை பெயர் தெரியாத எதையும் குடிக்காதே. அவர் வரமாட்டேன் என்றால் அன்றைக்கே அகத்தியைச் சமைத்து எல்லோர் எதிரிலும் நீயும் உன் தட்டில் போட்டுச் சாப்பிடு. யார் கேட்டாலும் அம்மா சொன்னாள் என்று சொல். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் நீ என் பிள்ளை. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
அஞ்சலை